சுவர் ஏன் உரிகிறது? பெயிண்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கூடம் முழுக்க எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட், அடித்தோம். பளிச்சென்றுதான் இருந்தது. சித்திரை பிறப்பதற்குள் ஊஞ்சலுக்குப் பின்னால் இருந்த சுவரில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளங்கள். அடித்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சரக்கு சரியில்ல சார்” என்றார். சரக்கு வாங்கிய கடையில் கேட்டால், “அடிச்ச ஆளு சரியில்ல சார்.” அம்மாதான் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “ஈரச் செவுத்துக்குச் சட்டை போட்டா அது என்னடா பண்ணும்?”

போகிக்கு முன்னால் வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் அது சுண்ணாம்புக் காலத்தில் வந்த வழக்கம். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். ஐப்பசி கார்த்திகையில் குடித்த தண்ணீரைத் தை மாசியில் மெல்ல வெளியே விட்டுவிடும். எமல்ஷன் ஓரளவுதான் மூச்சு விடும். மழை விட்ட கையோடு அதைப் பூசினால், வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரப் பார்த்துப் பெயிண்டைத் தள்ளும். பூசும் பொருளை மாற்றினோம், பூசும் மாதத்தை மாற்றவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் எமல்ஷனுக்கு நல்ல காலம் மாசியிலிருந்து ஆனி வரை. பொங்கலுக்கு ஒட்டடை அடித்துக் கழுவி விட்டால் போதும், பெரும் பொங்கல் குறைந்துவிடாது.

சரி, ஏற்கெனவே அடித்தாயிற்று, இப்போது கெட்டுப்போயிருக்கிறது என்பவர்களுக்குத்தான் மீதி. சுவரில் என்ன தெரிகிறது என்பதை வைத்துப் போவோம். எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் தெரிகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு டார்ச், கொஞ்சம் டேப், ஒரு பிளாஸ்டிக் தாள், ஒரு பென்சில் இருந்தால் போதும்.

தரையிலிருந்து மூன்றடி வரை வெள்ளையாகப் பொரிந்து கொட்டுகிறது

இதுதான் நம் ஊர் வியாதி. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பொரிந்த இடத்தில் ஒரு செதிலை நகத்தால் பெயர்த்து, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக இருந்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் அது உப்பு. செதிலோடு காரையும் மணலாக உதிர்ந்தால் வியாதி முற்றிவிட்டது. செங்கல்லிலும் சிமென்டிலும் மணலிலும் கிடக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளர, பட்டியையும் (பெயிண்டுக்கு அடியில் சுவரை வழவழப்பாக்க இழுக்கும் மாவு) பெயிண்டையும் நெம்பித் தள்ளுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் இந்த நெம்பலுக்கு நிற்காது.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. ஈரத்தின் மேல் விளிம்பு, சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே உயரத்தில் அலைபோல் ஓடினால் தரையிலிருந்து ஏறும் ஓதம். இது பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். ஒரே ஓர் இடத்தை நடுவாக வைத்து வட்டமாகப் பரவினால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகியுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள்; காலையில் யாரும் திறக்கும் முன் மட்டம் இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா? இருந்தால் நான்கு நாள் அங்கே குளிக்காமல் இருந்து பாருங்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். டைல்ஸ் இடுக்கில் பூசியது உதிர்ந்து, அடுத்த அறையின் பெயிண்டைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இருக்கிறது, கடற்கரை ஊர்க்காரர்களுக்கே வாய்த்தது. கசிவும் இல்லை, ஓதமும் இல்லை, ஆனால் சில நாட்களில் சுவர் வியர்க்கிறது, சில நாட்களில் காய்ந்து கிடக்கிறது. உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கட்டிய வீடுகளிலும், சரியாகக் கழுவாத மணலில் பூசிய சுவர்களிலும் இதைப் பார்க்கலாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும். நம் கரையில் அந்த அளவு சர்வ சாதாரணம். சமையலறையில் உப்பு ஜாடி கசியும் நாளில்தான் சுவரும் கசிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, சுவரில் இருக்கும் உப்பே குடிக்கிறது.

உறுதி செய்ய: ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தெளிவான பிளாஸ்டிக் தாளை ஓரடிச் சதுரமாக வைத்து, நான்கு விளிம்பையும் டேப்பால் அடைத்து இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கத்தில் துளி என்றால் அது காற்றின் ஈரம்.

வைத்தியத்துக்கு முன் இரண்டு எச்சரிக்கை. உப்பைத் தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை வாரிக் கொட்டுங்கள். அடுத்து, “உள்பக்கம் வாட்டர்புரூஃப் அடிச்சுட்டா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். மூன்றடி வரை அடைத்தால் ஓதம் நான்காவது அடியில் தலை காட்டும். டைல்ஸ் ஒட்டினாலும் அதே கதைதான். எங்கள் கூடத்தில் இரண்டாவது தடவை நான் செய்த தவறு இது. அடுத்த மழைக்குள் ஈரம் சுவிட்ச் போர்டு உயரத்துக்கு வந்துவிட்டது.

செய்ய வேண்டியது: முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். வீட்டுக்கு வெளியே மண் மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்களில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போன வீடுகள் இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. அப்படியென்றால் வெளிச்சுவரை ஒட்டித் தோண்டி மண்ணை இறக்கி, தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். அப்புறம் உள்ளே, ஈரம் தெரியும் விளிம்புக்கு மேலும் ஓரடி சேர்த்து, செங்கல் தெரியும் வரை காரையைக் கொத்தி எடுங்கள். கொத்திய காரையை வெளியே கொட்டுங்கள், பாதி உப்பு அதில்தான் போகிறது. ஏறும் ஓதம்தான் என்று உறுதியானால், இந்தக் கட்டத்தில் சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஓதத் தடுப்பு மருந்து ஏற்றுபவர்களைக் கூப்பிடலாம். பிறகு காய விடுங்கள்.

எத்தனை நாள்? அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் உண்மையிலேயே ஊறியிருந்தால் பல மாதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீர் புகுந்த வீடுகளில் தையிலேயே பெயிண்ட் அடித்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவரை பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்றால் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். பின்னால் எமல்ஷனுக்கு மாறும்போது அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ந்தபின் வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசி, நன்றாகத் தண்ணீர் காட்டி, குறைந்தது 28 நாள் கழித்து, சிமென்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பிறகு பெயிண்ட். பிளாஸ்டிக் தாள் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டு ஆரம்பித்தால் நிம்மதி.

பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியிலும் சரி, தமிழர் பகுதியிலும் சரி, பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, சுண்ணாம்பிலேயே பூசியது. அதன் மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறினால், கையகலத் தகடுகளாகக் காரையோடு விழும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வரும் இடமெல்லாம் அடுத்து விழப்போகிறது. மேலே சொன்ன சிமென்ட் வைத்தியம் இந்தச் சுவருக்கு ஆகாது. சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை, அதன் மேல் நிறம் கலந்த சுண்ணாம்பு. அந்த வேலை தெரிந்த கொத்தனார் புதுச்சேரியில் இன்னும் கிடைக்கிறார்; பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பல வருடங்களாக அங்கே பழைய வீடுகளைச் சீரமைத்துவருவதும் ஒரு காரணம். கூலி கூடுதல்தான். ஆனால் வருடா வருடம் பட்டி பார்க்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உப்பு இல்லை, ஆனால் தோல் மாதிரி உரிகிறது

உரிந்த தோலின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அதில் பூசு மாவு மாதிரி வெள்ளைப் பொடி இருந்தால், அடியில் பழைய சுண்ணாம்போ, டிஸ்டெம்பர் என்னும் பழைய ரகப் பூச்சோ இருக்கிறது. இல்லையென்றால் பட்டி தேய்த்த தூசியைத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள். பின்னது அதிகம். பட்டி தேய்த்தபின் ஒரு ஈரத் துணியால் சுவரைத் துடைப்பது அரை நாள் வேலை. ஒப்பந்தம் பேசிய வேலையில் முதலில் விட்டுப்போவது அந்த அரை நாள்தான்.

முதுகு சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் அடியில் பழைய ஆயில் பெயிண்ட். சமையலறையிலும், பழைய வீடுகளில் இடுப்பளவு வரை அடித்த பட்டையிலும் இது இருக்கும். சந்தேகமாக இருந்தால் பஞ்சில் கொஞ்சம் சானிடைசரை நனைத்துத் தேய்க்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய பாட்டில் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கும். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன், ஏறாவிட்டால் ஆயில். ஆயில் பெயிண்டின் பளபளப்பை உப்புத்தாளால் மங்கடித்து, நன்றாக ஒட்டும் பிரைமர் ஒரு கை கொடுத்த பிறகுதான் எமல்ஷன்.

பட்டியே சேர்ந்து வந்தால் பட்டிதான் குற்றவாளி. ஒரு கைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். இல்லையென்றால் சுவரை நனைக்காமல் சிமென்ட் பட்டியை இழுத்திருப்பார்கள். பட்டியில் இருக்கும் தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிட்டால் அது இறுகாமலே காய்ந்துபோகும். காலையில் குழைத்த பட்டியில் மதியம் சாப்பிட்டு வந்து தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்குவதும் இதே பலனைத்தான் தரும்.

எவ்வளவு தூரம் சுரண்ட வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்த இடமும் போக வேண்டியதுதான். வராத இடம் வரை சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் சரிவாக்கி, அங்கிருந்து தொடங்குங்கள்.

சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது

மலிவான டிஸ்டெம்பர், அல்லது பெயிண்டில் ஊற்றிய தண்ணீர் அதிகம். ஈரத் துணியால் பொடியைத் துடைத்து, காய்ந்ததும் பிரைமர் போட்டு, டின்னில் எழுதிய அளவுக்கு மட்டும் தண்ணீர் கலந்து அடியுங்கள். கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அளவு குவளை இல்லாமல் குழாயடியில் நேராக வாளியைப் பிடித்தால், அங்கேயே பேசிவிடுவது நல்லது.

கூரையில் மஞ்சளாகத் தேநீர்க் கறை மாதிரி வட்டம்

மேலே மொட்டை மாடிக்குப் போங்கள். அந்த வட்டத்துக்கு நேர் மேலே தட்டு ஓடு விரிந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவர் சந்திக்கும் மூலையில் கீறல் இருக்கிறதா, மழைத் தண்ணீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்து ஒரு மழை பார்த்தபின் பெயிண்டுக்கு வாருங்கள். கறையின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் எத்தனை கை அடித்தாலும் மஞ்சள் மேலே ஊறி வரும், ஏனென்றால் கறையும் எமல்ஷனும் இரண்டுமே தண்ணீர்ச் சாதி. ஆயில் பிரைமரோ கறை தடுக்கும் பிரைமரோ ஒரு கை குறுக்கே நின்றால் அடங்கும்.

வட்டத்தின் நடுவே துருநிறக் கோடு ஓடி, அதன் நெடுக கான்கிரீட் உப்பி இருந்தால் கதை வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பெருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. அதற்குக் கீழே கட்டில் போட்டிருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள், பெயிண்டரைக் கூப்பிடாமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கருப்புப் புள்ளிகள்

பீரோவுக்குப் பின்னால், ஏசி அறையின் மூலையில், துணி காயப்போடும் அறையில் வரும். பூஞ்சையா அழுக்கா என்று தெரிய, தண்ணீர் கலந்த பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, அதே கரைசலால் துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவிக் காய விடுங்கள். பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிடைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பிறகு பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். காற்று போகாத இடத்தில் பூஞ்சைத் தடுப்புப் பெயிண்டும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

கீறல்

முடிபோல் மெல்லிய வலைக் கீறல் என்றால் பூச்சு சுருங்கியது. பட்டி பார்த்து அடித்துவிடலாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவது வேறு. கான்கிரீட் ஒரு மாதிரி விரியும், செங்கல் ஒரு மாதிரி. பட்டி வைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு. அதை ‘வி’ மாதிரி வெட்டி, நெகிழும் அக்ரிலிக் நிரப்பி வைத்து, மேலே வலை ஒட்டிப் பட்டி பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கீறலுக்கு இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம்.

திட்டுத் திட்டாக, ரோலர் ஓடிய தடம் தெரிகிறது

பட்டி பார்த்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அங்கே பிரைமர் படவில்லை; பட்டி பெயிண்டைக் குடித்திருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் கொடுத்துவிட்டு, முழுச் சுவருக்கும் ஒரு கை. இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் அது தனியாகத் தெரியும்.

பட்டை பட்டையாகத் தெரிந்தால் காற்றாடியைக் கேளுங்கள். கத்திரி வெயிலில், காற்றாடி முழு வேகத்தில் சுழல அடித்தால், ஒரு பட்டை காய்ந்த பின்னால்தான் பக்கத்துப் பட்டை வந்து சேரும். சேர்ந்த இடம் இரட்டைப் பூச்சாகித் தடம் விழும். காற்றாடியை நிறுத்திவிட்டு, மூலைக்கு மூலை ஒரே மூச்சில், ஈர விளிம்பைத் தொட்டபடி அடித்துக்கொண்டே போக வேண்டும். டீ வந்தால் சுவர் முடிந்தபின் குடிக்கலாம். இதைச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர் முறைத்தார், ஆனால் அந்தச் சுவர் மட்டும்தான் இன்றும் சுத்தமாக இருக்கிறது.

பகலில் சமமாக இருந்த சுவர் ராத்திரி லைட் போட்டதும் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதா? சுவரை ஒட்டிய எல்இடி வெளிச்சம் செய்யும் வேலை. பட்டி தேய்த்ததும், பிரைமருக்கு முன்பே, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது அடித்து முடித்தாயிற்று என்றால், பளபளப்புப் பெயிண்டை மங்கடித்து மேட் எமல்ஷன் ஒரு கை அடியுங்கள், பாதி மறைந்துவிடும்.

கதவு, நிலை, ஜன்னல்

சுவரை எமல்ஷனில் அடித்தாலும் கதவு நிலைகளுக்கு இன்னும் எனாமல் என்னும் பளபளப்பான ஆயில் பெயிண்ட்தான் அதிகம். அதன் கோளாறுகள் தனி ரகம்.

அடித்து மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் முதலில் வானத்தைப் பாருங்கள். ஈரக் காற்றில் எனாமல் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். வெயில் நாளிலும் ஒட்டுகிறது என்றால் என்ன ஊற்றிக் கலந்தார்கள் என்று கேளுங்கள். டர்பன்டைன் ஊற்ற வேண்டிய இடத்தில் மண்ணெண்ணெய் போயிருக்கும். கதவுக் கைப்பிடியைச் சுற்றி மட்டும் ஒட்டினால், அங்கே படிந்த கை எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள். ஒரு வாரம் காற்றோட்டமாக விட்டும் காயவில்லை என்றால் சுரண்டி, டர்பன்டைனால் துடைத்து, மறுபடி ஆரம்பிப்பதைத் தவிர வழியில்லை.

கிழவியின் கன்னம் மாதிரி சுருங்கினால் கனமாக அடித்ததன் பலன். மேலே ஆடை கட்டி, அடியில் பால் மாதிரி இருக்கிறது. கை வைக்காமல் முழுதாக இறுகும் வரை விட்டு, 180ஆம் நம்பர் உப்புத்தாளில் சுருக்கத்தைத் தேய்த்து, 320இல் வழவழப்பாக்கி, மெல்லியதாக இரண்டு கை.

ராத்திரி மூடிய ஜன்னல் காலையில் திறக்கவில்லையா? புது எனாமல் நிலையோடு ஒட்டிக்கொள்கிறது. பலவந்தமாக இழுத்தால் தோலோடு வரும். மெல்லிய பட்டித் தகட்டை இடுக்கில் விட்டு மெதுவாக விடுவித்து, ஒட்டும் விளிம்புகளில் முகப் பவுடர் தடவுங்கள். பவுடர் பூசிய ஜன்னலைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒரு வாரம் திருடன் பயம் இல்லாத ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகினால் அது பெயிண்ட் ஒட்டுவதல்ல, மரம் ஊதியது. உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். பங்குனியில் விரல் போகும் அளவு இடைவெளி விழும். கோடையில் கதவைக் கழற்றி, கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் பெயிண்ட் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பட்டிருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டிருப்பார்கள், மரம் அந்த வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது.

வெள்ளை எனாமல் மஞ்சளாவது அதன் பிறவிக் குணம். வெளிச்சம் படாத அலமாரிக் கதவின் உள்பக்கம் சீக்கிரம் மஞ்சளாகும். வெள்ளையே வேண்டும் என்றால் அடுத்த தடவை தண்ணீரில் கலக்கும் எனாமலுக்கு மாறுங்கள். மரக்கணு இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளி எழுந்தால், கணுவின் பிசின் ஊறுகிறது. அதன் மேல் அரக்கு பாலிஷ் ஒரு கை கொடுத்து அடைத்துவிட்டு அடியுங்கள்.

பழைய கதவைத் தேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலை, அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களை, வறட்டுத் தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர்த் தாளால் நனைத்துத் தேய்த்து, வழியும் குழம்பைப் பழைய துணியில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். முகக்கவசம் போடுங்கள், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த இரண்டு நாள் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஜன்னல் கம்பியில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு துரு

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் வருடத்துக்கு ஒரு தடவை இது. துருவைத் தேய்க்கும் முன் கம்பியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அதில் படிந்த கடல் உப்பைத் தாளால் தேய்த்தால் இரும்புக்குள் அழுத்துவதாகத்தான் ஆகும். காய்ந்ததும் இரும்பு மின்னும் வரை தேய்த்து, அன்றைக்கே, முடிந்தால் மதியத்துக்குள்ளேயே, பிரைமர் அடித்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் ராத்திரிக் கடல் காற்றில் காலையில் செம்மை பூத்திருக்கும். கம்பி ஜன்னல் சட்டத்துக்குள் நுழையும் முனையில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கே சின்ன பிரஷ் வேண்டும்.

ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரிகிறது

ஆணி பிடுங்கிய துளையை அடைத்து, அதே நிறம் வாங்கி வந்து தொட்டு வைத்தால், நிலாவில் மேகம் மாதிரி தெரியும். பழைய சுவர் வெளுத்திருக்கும். கடையில் இன்று கலக்கும் நிறமும் அன்று கலந்ததும் ஒரு மயிரிழை மாறும். அகலமாக அடிக்காதீர்கள், துளை அளவுக்கு மட்டும் சின்ன ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அப்படியும் தெரிந்தால் அந்த ஒரு சுவரை மூலைக்கு மூலை அடிக்க வேண்டும்; மூலையில் நிற மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. ஒன்றுக்கு மேல் வாளி வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய டப்பாவில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத சின்ன பாட்டிலில் ஊற்றி வையுங்கள். நிற எண், கடையில் ஒட்டித் தரும் சீட்டு, அடித்த தேதி மூன்றையும் நான் பரண் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். கூடத்துக்கு அதில் மூன்று தேதிகள் இருக்கின்றன. மூன்றாவது, ஒரு பங்குனி.